தைக்கும் கணத்து வேகம்

காற்றுத் துப்பாக்கியால் முயலையும் அணிலையும் சுடுவது சட்டத்துக்கு உட்பட்டு நடைபெறுகிற இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும், இடை ஒடுங்கிய பழைய பெல்லட்டை விடுத்து, தோட்டாவின் உருவத்தை ஒத்த ஸ்லக் என்னும் கனத்த ஈய ரவையை நாடுவோர் அண்மைக் காலத்தில் பெருகி வருகின்றனர். அதன் மூக்கில் ஒரு குழி உண்டு. உடலில் தைத்ததும் அந்தக் குழி விரிந்து பிராணியை அக்கணமே வீழ்த்தும் என்பது விற்போர் தரும் உறுதி. அந்த உறுதி பாதி உண்மையே என்பதும், சொல்லாமல் விட்ட மறுபாதியில் ஒரு ஜீவனின் நெடிய வேதனை அடங்கியிருக்கிறது என்பதும் என் அபிப்பிராயம்.

ரவை விரிவதும் விரியாததும் தைக்கும் கணத்தில் அதனிடம் எஞ்சியுள்ள வேகத்தைப் பொறுத்தவை. நீர் நிறைந்த தசைக்குள் அது புகும்போது குழியில் எழும் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி ஏறி இறங்குவதாகையால், விநாடிக்கு 270 மீட்டர் வேகத்தில் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 360 மடங்காக இருப்பது, வேகம் மூன்றில் ஒரு பங்கு குறைந்து 180 மீட்டரானதும் 160 மடங்காகச் சரிந்து, மென்மையான ஈயம் உருக்குலையத் தொடங்கும் எல்லையை நெருங்கிவிடுகிறது. முன்னதில் மூக்கு காளானைப்போல் விரியும். பின்னதில் ரவை பெரும்பாலும் உருமாறாமலே ஊடுருவி, ஒடுங்கிய துளையை மட்டும் விட்டுச் செல்லும்.

வேகம் மிகுந்தால் எல்லாம் நலமாகும் என்பதும் பிரமையே. 5.5 மில்லிமீட்டர் ரவை 8 மில்லிமீட்டராக விரிந்தால், முகப்பின் பரப்பு இருமடங்குக்கும் மேலாகி, தசையின் தடையும் அதற்கேற்ப வளர, ஊடுருவும் ஆழம் குறைகிறது. குழியின் சுவர் மெல்லியதாயின், ரவை தோலை அடுத்தே சிதறி, இருதயத்தையோ நுரையீரலையோ எட்டாமல் நின்றுவிடவும் கூடும்.

இங்கிலாந்தின் நிலைமையையே பார்ப்போம். குழல்வாயில் 12 அடி-பவுண்டு, அதாவது சுமார் 16 ஜூல் சக்தியைக் கடந்த காற்றுத் துப்பாக்கிக்கு அங்கே உரிமச் சான்று வேண்டும். அந்த வரம்புக்குள் 1.3 கிராம் ரவை ஒன்றைச் செலுத்தினால், அது குழலை விட்டு நீங்கும்போதே விநாடிக்கு 158 மீட்டரைத் தாண்டாது. முயலை அடைவதற்குள் இன்னும் தளர்ந்துவிடும். அத்தகைய துப்பாக்கி முயலை உடனே கொல்வது மூளையைக் குறி தவறாமல் துளைப்பதால்தான், விரிவதால் அன்று. பெட்டியின் மீதுள்ள விரிந்த ரவையின் படத்தை நம்பி மார்பைக் குறிவைப்பவனிடமிருந்து தப்பும் முயல், வளைக்குள் கிடந்து மெல்ல மெல்லச் சாக நேரிடும். இதை நினைக்கும்போது என் மனம் பொறுக்கவில்லை.

கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதசாலையின் பெயரால் உலகறிந்த விரியும் தோட்டாவை, போரில் பிரயோகிக்கலாகாதென்று 1899-ஆம் ஆண்டு ஹேக் பிரகடனம் விலக்கியது. மனிதனுக்கு அநாவசியமான துன்பம் தருவதென்று கருதப்பட்ட அதே குணம், வேட்டையில் துன்பத்தைச் சுருக்குவதென்று போற்றப்படுகிறது. போரில் எதிரியைச் செயலிழக்கச் செய்தாலே போதுமாயிருக்க, வேட்டையிலோ விரைந்த மரணமே கருணையாகையால், இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. ஆனால், வேட்டைக்காரனின் அந்த நியாயம், ரவை உண்மையிலேயே விரிந்து, போதிய ஆழமும் சென்றால்தான் நிற்கும்.

ஆகையால், குழல்வாய் வேகத்தை மட்டும் பெருமையாக அச்சிடுவதை விட்டு, எந்த வேகத்துக்குக் கீழே தங்கள் ரவை விரியாது, எந்த வேகத்துக்கு மேலே சிதறிவிடும், இடையே எவ்வளவு ஆழம் செல்லும் என்பவற்றை, தசைக்கு ஈடாக வைக்கும் 10 சதவீத ஜெலட்டினில் சோதித்துப் பெட்டியின் மீதே அறிவிக்கும்படி ரவை செய்வோரைச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். சுடுபவனும் தன் துப்பாக்கியின் வேகத்தைக் கருவிகொண்டு அளந்து, அந்தக் கீழெல்லைக்கு ரவை எத்தனை மீட்டரில் இறங்குகிறதென்று கணக்கிட்டு, அந்தத் தூரத்துக்கு அப்பால் நிற்கும் பிராணியைச் சுடாமல் விட்டுவிட வேண்டும்.