டிரம் சுழலுகிறது, தொட்டியில் இறங்குவது யார்?

இயந்திரம் வந்தால் ஏழை கெடுவான் என்று ஓதிய காலம் ஒன்று இருந்தது, தோழர்களே! காந்தியார் 1909-லேயே 'இந்திய சுயராஜ்யம்' எழுதி இயந்திரத்தை இடித்துரைத்தார். ஈரோட்டுப் பெரியாரோ, 1944-ல் நூலாக வந்த 'இனிவரும் உலகம்' மூலம் வேறு சேதி சொன்னார். இயந்திரம் பெருகட்டும், முதுகொடியும் பாடு மறையட்டும் என்றார். கம்பியில்லாத் தந்தி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கும் என்றார். கேட்டவர் சிரித்தனர். இன்று ஆம்பூர்த் தோல்ஷாப்புத் தொழிலாளியின் சட்டைப்பையில் மணி அடிக்கிறதே, அது என்ன? அந்தச் சிந்தனையாளர் 1973 டிசம்பர் 24-ல் கண்மூடியதும் இதே வேலூரில்தான்.

அவர் தந்த அளவுகோலோடு தோல்ஷாப்புக்குள் நுழைவோம்.

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு, குழியில் வாரக்கணக்கில் தோலை ஊறவைத்தனர் நம் பாட்டன்மார். 1970-களில், அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்தது. முழுதாய் முடித்த தோலே போகவேண்டும் என்றது. குரோமியம் பரவியது. வாரக்கணக்கு வேலை, சுழலும் டிரம்மில் ஒரு நாள் வேலையாயிற்று. லாபம் பெருகியது, அந்நியச் செலாவணி வந்தது. பாலாறு?

ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் நீர் செலவாகிறது, 35,000 ஹெக்டேர் நிலம் பாழ்பட்டிருக்கிறது என்ற கணக்கெல்லாம் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்சநீதிமன்றம் தந்த தீர்ப்பிலேயே உண்டு. அதற்குப் பின் 28 ஆண்டு கழித்து, 2025 ஜனவரி 30-லும், பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடு கொடு, மாசுபடுத்தியவனிடம் அதை வசூல் செய் என்று அதே மன்றம் சொல்லவேண்டி வந்தது. நீதி நடந்து வந்த வேகத்தைப் பாருங்கள்!

ஆறு ஒருபுறமிருக்க, ஆளைப் பற்றிப் பேசுவோம். மயிர் நீக்கச் சுண்ணாம்போடு சல்பைடு சேர்க்கிறார்கள். அந்தக் கழிவுநீரோடு அமிலநீர் கலந்தால் நச்சுவாயு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். வாயு மிகுந்தால் மூக்கே மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது, பயமில்லை என்று நம்பி இறங்குகிறவன் சுருண்டு விழுவான். தூக்கப் போகிறவனும் அவன்மேலேயே விழுவான். இராணிப்பேட்டையில் 2015 ஜனவரி 31-ல் சுத்திகரிப்பு நிலையத் தொட்டியின் சுவர் உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளரைச் சேறு விழுங்கியது. பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்த பிள்ளைகள். ஆற்றைக் காக்கக் கட்டிய நிலையமே ஆளை விழுங்கிற்று!

அப்படியானால் இயந்திரத்தை உடைப்போமா? கூடாது! லாபம் இருந்த இடத்துக்கெல்லாம் ஓடோடி வந்த இயந்திரம், உயிர் போகும் இடத்துக்கு மட்டும் வரவில்லையே, அதுதான் நம் குற்றச்சாட்டு. டிரம்முக்கு மோட்டார், தொட்டிக்கு மட்டும் சேரிப்பிள்ளையா? ஈராயிரம் ஆண்டாகத் தோல் வேலையைத் தீட்டென்று தள்ளிவைத்த சமுதாயம், தோலில் காசு புரளக் கண்டதும் காசைத் தன்பக்கம் எடுத்துக்கொண்டு, தீட்டை மட்டும் தொட்டிக்குள் விட்டுவைத்திருக்கிறது.

"செலவு தாங்காது, ஆர்டர் போய்விடும், உன் வேலையும் போகும்" என்பார்கள். வேலை போகுமென்ற அச்சம் பொய்யல்ல, அடுப்பு எரியவேண்டுமே! ஆனால், டிரம் வாங்க வங்கிப்படி ஏறியவருக்கு, வாயு அளக்கும் கைக்கருவி வாங்கவா வழியில்லை?

அடுத்த வாயிற்கூட்டத்தில் கேளுங்கள், தோழர்களே. முதலில் பம்பு சேற்றை இறைக்கட்டும், கருவி வாயுவை அளக்கட்டும், மேலே கயிறோடு ஓர் ஆள் நிற்கட்டும். அதுவரை இறங்கமாட்டோம், அவசரமென்றால் மேனேஜர் அவர்களே முதலில் இறங்கட்டும் என்று சொல்லிப் பாருங்கள். பம்பு எத்தனை விரைவில் வந்து சேருகிறதென்று!