பின் மூடியைத் திறக்காதீங்க

"ஷட்டர் போயிருச்சு தம்பி. இனி ஷோகேஸ்ல வைக்கத்தான் சரி."

டவுன்ல ஒரு கடையில எங்களில் ஒருத்தருக்குக் கிடைச்ச பதில் இது. சொல்லிக்கொண்டே கடைக்காரர் கெமராவின் பின் மூடியைப் படக்கென்று திறந்தார். உள்ளே பிலிம் இருந்தது. தாத்தா போட்ட பிலிம். கழுவிப் பார்த்தபோது நெகட்டிவ் பாதிக்கு மேல கறுப்பு. மிஞ்சியது லயத்து வாசலில் ஒரு பாதி முகம். யாருடையது என்று கேட்க இப்போது தாத்தாவும் இல்லை.

அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறோம்.

எங்களைப் படம் பிடித்தவர்களுக்குக் குறைவில்லை. ஜூலியா மார்கரெட் கமரூன் 1875இல் இலங்கைக்கு வந்தார், 1879இல் டிக்கோயாவில் இறந்தார். இங்கே அவர் எடுத்த தொழிலாளர்களின் படங்கள் இன்று உலக அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. படத்தில் இருப்பவர்களில் பெரும்பாலானோருக்குப் பெயர் இல்லை. பிறகு வந்த போஸ்ட்கார்ட், தேயிலைப் பக்கட் எல்லாவற்றிலும் அதே கதைதான்: கூடை தெரியும், பெயர் தெரியாது.

நாங்களே எடுத்த படங்கள்? 1981 ஆகஸ்ட்டில் இரத்தினபுரிப் பக்கத் தோட்டங்களில் லயன்கள் எரிந்தபோது அல்பங்களும் எரிந்தன. 2016 மே மாதம் கேகாலையில் மண் சரிந்தபோது வீட்டோடு போட்டோவும் புதைந்தது. நுவரெலியாவைப் பற்றி எழுதுகிற அளவுக்கு சப்ரகமுவவைப் பற்றி யாரும் எழுதுவதும் இல்லை. அப்படியிருக்க, அலுமாரிக்கு மேல கிடக்கிற பழைய கெமராவை 'பழுது' என்று சொல்லித் தூக்கிப்போட நமக்கு என்ன உரிமை இருக்கு? அதற்குள் இன்னும் கழுவாத பிலிம் இருக்கலாம்.

ஆகவே மூன்று பொய்களுக்குப் பதில் சொல்லிவிடுவோம்.

முதல் பொய்: "லீவர் இறுகிட்டா ஷட்டர் உடைஞ்சிருச்சு." இல்லை. பிலிம் முடிந்தாலும் லீவர் பாதியில் நிற்கும். 24 அல்லது 36 படம் முடிந்த கெமராவை 'ஷட்டர் ஜாம்' என்று கொண்டு வருகிறவர்கள் உண்டு. பலவந்தமாக இழுத்தால் பிலிம் கிழியும், பல்சக்கரமும் கெடும். முதலில் இடது பக்கம் இருக்கிற சுற்றுக் கைப்பிடியை அம்புக்குறி காட்டும் பக்கம் மெதுவாகத் திருப்புங்க. கொஞ்சம் சுற்றியதும் இறுகினால் உள்ளே பிலிம் இருக்கிறது. அடியில் இருக்கும் சின்ன பொத்தானை அழுத்திவிட்டு, கை இலகுவாகும் வரை சுற்றி முடிங்க. அதற்குப் பிறகுதான் பின் மூடி. சுற்றவே முடியாவிட்டால் பூரண இருட்டில்தான் திறக்கணும். கடைக்காரர் எவ்வளவு பெரிய ஆளானாலும் இந்த வரிசையை விட்டுக்கொடுக்காதீங்க.

அடுத்தது பெட்டரி. கெனன் ஏஈ-1க்கு 6 வோல்ட் பெட்டரி இல்லாவிட்டால் ஷட்டர் அசையவே அசையாது. பென்டாக்ஸ் கே1000 பெட்டரி இல்லாமலும் அடிக்கும், மீட்டர் மட்டும் வேலை செய்யாது. எந்த கெமரா என்று பார்க்காமலே 'போயிருச்சு' என்று தீர்ப்புச் சொல்வது வைத்தியம் இல்லை, சோம்பேறித்தனம்.

இரண்டாவது பொய்: "கொஞ்சம் எண்ணெய் விட்டா சரியாகும்." தையல் மெஷின் எண்ணெய், டபிள்யூடி-40, எதுவுமே வேண்டாம். பெரும்பாலும் கோளாறே பழைய கிரீஸ் பசையாகிப்போனதுதான். இரத்தினபுரி மழையும் ஈரமும் அதற்கு உதவி செய்யாது. 1/500 ஒழுங்காக அடித்து, ஒரு செக்கனில் மட்டும் நடுவில் நின்றுவிட்டால் மெதுவான வேகத்துக்கான பல்சக்கரங்களில் பசை என்று அர்த்தம். பிலிம் இல்லாமல் பல தடவை அடித்துப் பாருங்க, சிலது வழிக்கு வரும். வராவிட்டால் கழற்றிக் கழுவத் தெரிந்தவரிடம் கொடுக்கணும். லென்ஸுக்குள் இருக்கிற இதழ் ஷட்டரில் எண்ணெய் விட்டால் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். துணித் திரையை விரலால் தொடவும் கூடாது.

கழுவிய படமே நோயைச் சொல்லும். எல்லாப் படத்திலும் அதே இடத்தில் வெள்ளைப் புள்ளி என்றால் திரையில் ஓட்டை. வேகமான ஷட்டரில் மட்டும் ஒரு ஓரம் இருட்டென்றால் இரண்டு திரைகளும் ஒரே சீராக ஓடவில்லை. இதெல்லாம் பழுதுதான், ஆனால் சாவு இல்லை.

மூன்றாவது பொய்தான் மோசமானது: "போன் இருக்கே, இது எதுக்கு?" போன் நாளைக்கு எடுக்கப்போகும் படத்துக்கு. 1980களில் அம்மாயி சிரித்த சிரிப்பை எந்த போனும் இனி எடுக்காது. கல்யாண ஷூட்டுக்குக் கழுத்தில் அலங்காரமாகத் தொங்கவிட வாடகைக்குக் கேட்கிறவர்களுக்கும் இதே பதில்தான். முதலில் உள்ளே பிலிம் இருக்கான்னு பாருங்க.

அடுத்த போயா லீவுக்கு வீட்டுக்குப் போகிறவர்கள் அலுமாரி மேல, ட்ரங்குப் பெட்டிக்குள்ள தேடுங்க. கெமரா கிடைத்தால் பக்கத்தில் பெரியவங்களை உட்கார வைத்து, யார் வாங்கினது, கடைசியா யாரை எடுத்தாங்கன்னு எழுதிக்கொள்ளுங்க. படம் கழுவி வரும்போது பின்னால் பெயர் எழுத அது வேண்டும்.

பின் மூடியை மட்டும் திறக்காதீங்க.