குழந்தைகளின் காசநோய்: கருவி உண்டு, வழிவிடுமா சட்டம்?

புது தில்லி: காசநோயை 2025-ஆம் ஆண்டுக்குள் ஒழிப்போம் என்று பிரதமர் நரேந்திர மோடி 2018 மார்ச்சில் தில்லியில் அறிவித்தார். 2015-இல் லட்சம் பேருக்கு 237 ஆக இருந்த புதிய பாதிப்பு, 2024-இல் 187 ஆகக் குறைந்தது. எட்ட நினைத்த எண்ணோ 44. இந்தக் கணக்கில் அதிகம் பேசப்படாதவர்கள் குழந்தைகள்.

பெரியவர்களுக்குச் சளிப் பரிசோதனை உண்டு. சிறு குழந்தைகளோ சளியை விழுங்கிவிடுவார்கள்; அவர்கள் உடலில் கிருமிகளும் குறைவு. வெறும் வயிற்றோடு வைத்திருந்து, மூக்கு வழியே குழாய் செலுத்தி இரைப்பை நீரை எடுத்தாலும், பல குழந்தைகளிடம் கிருமி அகப்படுவதில்லை.

ஆகவேதான், வலியின்றி உள்ளே பார்க்க உதவும் படமுறைகள் முக்கியத்துவம் பெறுகின்றன. 2024 டிசம்பரில் 347 மாவட்டங்களில் தொடங்கிய 100 நாள் இயக்கத்தில், கையடக்க எக்ஸ்ரே கருவிகள் ஊர்களுக்கே கொண்டு செல்லப்பட்டன. ஆனால், எக்ஸ்ரே படத்தைக் கணினியே ஆராயும் முறையை 2021-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தபோது, அது 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டுமே என்று வரையறுத்தது. சி.டி. ஸ்கேனில் கதிர்வீச்சு அதிகம். எம்.ஆர்.ஐ. செலவு மிக்கது, குழந்தை அசையாதிருக்க மயக்க மருந்தும் தேவைப்படலாம்.

எஞ்சுவது அல்ட்ராசவுண்ட். கதிர்வீச்சு இல்லை, திரும்பத் திரும்ப எடுக்கலாம். மார்பிலும் வயிற்றிலும் வீங்கிய நிணநீர்க் கணுக்களையும், நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீரையும் காட்டும். இது மட்டுமே நோயை உறுதி செய்துவிடாது. எனினும், அறிகுறிகளோடும் வீட்டில் நோயாளி உண்டா என்ற விவரத்தோடும் சேரும்போது மருத்துவரின் முடிவுக்கு வலுச் சேர்க்கும்.

இங்கேதான் சட்டம் குறுக்கிடுகிறது. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்க நாடாளுமன்றம் 1994-இல் இயற்றிய சட்டத்தின்படி ஸ்கேன் கருவிகள் பதிவு செய்யப்பட வேண்டும். 2012-இல் திருத்தப்பட்ட விதிகள், எடுத்துச் செல்லத்தக்க கருவிகளைப் பதிவு பெற்ற மருத்துவமனையின் உள்நோயாளிகளுக்கும் நடமாடும் மருத்துவப் பிரிவுகளுக்கும் மட்டுமே அனுமதிக்கின்றன. விளைவு, கதிர்வீச்சு உள்ள கருவி ஊருக்குள் வருகிறது. கதிர்வீச்சு இல்லாத கருவி பதிவு பெற்ற கட்டடத்துக்குள்ளேயே நிற்கிறது.

சட்டத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆறு வயது வரையிலான குழந்தைகளில் ஆயிரம் ஆண்களுக்கு 1991-இல் 945 ஆக இருந்த பெண்களின் எண்ணிக்கை 2001-இல் 927 ஆகச் சரிந்தது. சட்டத்தின் கடுமையை 2019-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. தண்டனைப் பிரிவுகளில் கைவைத்தால் பழைய கொடுமைக்குக் கதவு திறந்துவிடும்.

ஆனால், விதிகளை வகுப்பது மத்திய அரசு. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில், குழந்தைகளுக்கு மட்டும், ஒவ்வொரு படமும் பதிவேட்டில் ஏறும் கட்டுப்பாட்டுடன் குறுகிய விலக்கு அளிப்பது அரசுக்கு இயலாத காரியம் அல்ல. பெண் சிசுவைக் காக்கப் பிறந்த சட்டம், பிறந்த குழந்தையைக் காக்கவும் இடம் தருமா என்பதை உறுப்பினர்கள்தாம் அவையில் எழுப்ப வேண்டும்.