பட்டியலுக்குத் திறந்த கதவு ஐசெர்ட்டுக்கு ஏன் மூடியது?



"உலக அரசியலா? அது பெரிய மனிதர்கள் சமாசாரம். மாதக் கடைசியில் வாடகையும் பிள்ளைகளின் பள்ளி பஸ் காசும் கட்ட முடிந்தால் நமக்குப் போதும்." பிறையிலும் பாயான் லெப்பாசிலும் ஷிப்ட் வேலை முடிந்து வீடு திரும்பும் நம் மக்கள் பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒன்றைச் சிந்தித்துப் பாருங்கள். உலக அரசியலை நாம் தேடிப் போகாவிட்டாலும் அது நம்மைத் தேடி வந்துகொண்டேதான் இருக்கிறது. அது வரும்போது கதவைத் திறப்பது யார், எதற்குத் திறக்கிறார்கள், எதற்குப் பூட்டுகிறார்கள் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

நாம் இந்த மண்ணுக்கு வந்ததே உலக அரசியலால்தான்

செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கும் பிறகு ரப்பர் தோட்டங்களுக்கும் நம் முன்னோரைக் கப்பலேற்றிக் கொண்டு வந்தது பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் வியாபாரம். ரப்பர் விலை ஏறினால் ஆள் பிடிப்பார்கள், இறங்கினால் திருப்பி அனுப்புவார்கள். மலாயாத் தோட்டங்களில் கூலி குறைக்கப்பட்டபோது, 1938இல் இந்திய அரசாங்கம் இங்கு கூலியாட்களை அனுப்புவதையே நிறுத்தியது. ஜப்பானியர் காலத்தில் சயாம் மரண ரயில் பாதையில் பல்லாயிரம் தமிழர்கள் மாண்டார்கள். அந்தப் போரைத் தொடங்கியவர்களில் ஒரு தமிழனும் இல்லை.

பினாங்கின் கதையும் அதேதான். 1963இல் இந்தோனேசியா 'கொன்ஃபுரொந்தாசி' என்று மோதலில் இறங்கியதும் சுமத்ரா வியாபாரம் படுத்தது. 1960களின் இறுதியில் சுதந்திரத் துறைமுக அந்தஸ்தும் போனது. அதே சமயத்தில், குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்று சட்டம் வந்தது. பல்லாயிரம் தோட்டத் தமிழர்கள் பிறந்து வளர்ந்த நாட்டை விட்டு ரஜூலா போன்ற கப்பல்களில் ஏறினார்கள். 1972இல் பாயான் லெப்பாசில் சுதந்திர வர்த்தக வட்டாரம் திறந்து அந்நிய நிறுவனங்கள் வந்தபோது, தோட்டத்துப் பிள்ளைகள் ஆலைத் தொழிலாளர்கள் ஆனார்கள். இந்த முடிவுகளில் எதையாவது நம்மைக் கேட்டு எடுத்தார்களா?

மலேசியாவும் உலகத்தை அசைக்கிறது

சின்ன நாடு, உலக விவகாரத்தில் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். நிறையச் செய்ய முடியும், செய்தும் இருக்கிறது. 1960இல் தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில்லில் கறுப்பின மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டபோது, லண்டனில் கூடிய காமன்வெல்த் பிரதமர்கள் மாநாட்டில் நிறவெறியை எதிர்த்து உரக்கப் பேசியவர் நம் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான். மறு ஆண்டே தென்னாப்பிரிக்கா காமன்வெல்த்தை விட்டு வெளியேறியது. "அது அவர்கள் நாட்டு உள்விவகாரம், நமக்கென்ன" என்று துங்கு இருந்துவிடவில்லை. பொஸ்னியாவுக்காகவும் பாலஸ்தீனத்துக்காகவும் மலேசியா குரல் கொடுத்தது. நாமும் அதை ஆதரிக்கிறோம்.

ஆனால் முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு நடந்தது என்ன? 2009 மே மாதம் ஐ.நா. மனித உரிமை மன்றத்தின் சிறப்புக் கூட்டத்தில் இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானம் வந்தது. மலேசியா ஆதரித்து வாக்களித்தது. தமிழ்நாட்டைத் தன்னுள் கொண்ட இந்தியாவும் ஆதரித்தது. 2012இலும் 2013இலும் இலங்கையைப் பொறுப்புக் கூறச் சொல்லும் தீர்மானங்கள் வந்தபோது மலேசியா எந்தப் பக்கமும் கை தூக்காமல் ஒதுங்கிக்கொண்டது. அந்த நாற்காலியில் அமர்ந்திருந்தவர் நம் பெயரிலும்தான் அமர்ந்திருந்தார். அவரை யாராவது கேள்வி கேட்டோமா?

லண்டனுக்குப் போனது குற்றமா?

2007 ஆகஸ்டில் இண்ட்ராப் இயக்கம் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் மீது லண்டனில் வழக்குத் தொடுத்தது. நம் முன்னோரைக் கொண்டு வந்து, 1957இல் பாதுகாப்பில்லாமல் விட்டுப் போனதற்கு நஷ்டஈடு கேட்ட வழக்கு அது. நவம்பர் 25ஆம் தேதி பிரிட்டிஷ் மகாராணியாருக்கு மனுக் கொடுக்கக் கோலாலம்பூரில் ஆயிரமாயிரம் பேர் திரண்டார்கள். கண்ணீர்ப் புகையும் தண்ணீர் பீரங்கியும்தான் பதிலாகக் கிடைத்தன. டிசம்பர் 13ஆம் தேதி ஐந்து தலைவர்கள் இசா சட்டத்தில் பிடிக்கப்பட்டுக் கமுந்திங்கிற்கு அனுப்பப்பட்டார்கள். தமிழக முதல்வர் கலைஞர் கருணாநிதி இந்தியப் பிரதமருக்குக் கடிதம் எழுதியபோது, அவர் தம் மாநிலத்தைப் பார்த்துக்கொள்ளட்டும் என்ற பாணியில் நம் அமைச்சர் நஸ்ரி அசிஸ் பதிலளித்தார்.

"வீட்டுச் சண்டையை வெளியே கொண்டு போகலாமா?" என்று அன்று நம்மவர்களிலேயே சிலர் கேட்டார்கள். வழக்கில் நாம் வெல்லவில்லை, அது உண்மை. ஆனால் உலகத்தின் கண் இந்த நாட்டின் மீது விழுந்தது. 2008 மார்ச் 8ஆம் தேதி தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பெரும்பான்மையை இழந்தது. பினாங்கு கைமாறியது. இம்மாநிலத்துக்கு முதன்முறையாக ஓர் இந்தியர், பேராசிரியர் இராமசாமி, துணை முதல்வர் ஆனார். தடுப்புக் காவலில் இருந்தபடியே மனோகரன் கோத்தா ஆலாம் ஷா தொகுதியை வென்றார். அன்று தெருவில் நின்றவர்கள் பெரும்பாலும் உங்களைப் போன்ற தொழிலாளர்கள்தான்.

பட்டியலுக்குக் கதவு திறந்தது

இனி மறுபக்கம் பாருங்கள். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, பயங்கரவாதத்துக்குப் பணம் போவதைத் தடுக்கச் சொல்லி ஐ.நா. பாதுகாப்பு மன்றம் எல்லா நாடுகளுக்கும் கட்டளையிட்டது. உலகம் முழுவதும் பட்டியல்கள் முளைத்தன. விடுதலைப் புலிகள் ஐ.நா.வின் பட்டியலில் இல்லை. இருந்தும் மலேசியா 2014 நவம்பரில் தன் சொந்தப் பட்டியலில் அந்த இயக்கத்தைச் சேர்த்தது. இயக்கம் 2009 மே மாதமே அழிக்கப்பட்டுவிட்டது. செத்துப்போன இயக்கத்தை ஐந்தாண்டு கழித்து எதற்காகப் பட்டியலில் போட்டார்கள்? அதே 2014 மே மாதம்தான், ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் பாதுகாப்பில் இருந்த மூன்று இலங்கைத் தமிழர்கள் இங்கே பிடிக்கப்பட்டு நாடு கடத்தப்பட்டார்கள்.

அந்தப் பட்டியல் 2019 அக்டோபரில் நம் வீடுகளுக்கே வந்தது. பன்னிரண்டு தமிழர்கள் சொஸ்மா சட்டத்தில் கைது செய்யப்பட்டார்கள். காடேக் சட்டமன்ற உறுப்பினர் ஜி. சாமிநாதனும் சிரம்பான் ஜெயா சட்டமன்ற உறுப்பினர் பி. குணசேகரனும் அவர்களில் இருவர். அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 27. விளக்கேற்ற வேண்டிய நாளில் பன்னிரண்டு குடும்பங்கள் வீட்டு ஆண்மகன் எப்போது வருவான் என்று தெரியாமல் இருந்தன.

சொஸ்மாவில் விசாரணைக்காக மட்டுமே 28 நாள் வரை போலீஸ் வைத்துக்கொள்ளலாம். நீதிபதி முன் நிறுத்தி அனுமதி வாங்க வேண்டியதில்லை. வழக்கறிஞரைச் சந்திப்பதை 48 மணி நேரம் வரை தள்ளிப்போடலாம். குற்றம் சாட்டிய பிறகும், ஒரு சிலரைத் தவிர மற்றவர்களுக்கு ஜாமீன் இல்லை என்கிறது 13ஆம் பிரிவு. சாமிநாதன் தொடுத்த மனுவில் 2019 நவம்பர் 29ஆம் தேதி கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் அந்தப் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்றே சொன்னது. கடைசியில் என்ன ஆனது? 2020 பிப்ரவரி 21ஆம் தேதி, தண்டனை கிடைக்க வாய்ப்பில்லை என்று சொல்லிச் சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் வழக்குகளைக் கைவிட்டார். கைத்தொலைபேசியிலும் முகநூலிலும் புலித் தலைவர்களின் படம் வைத்திருப்பது ஒருவரைப் பயங்கரவாதி ஆக்காது என்பது அவர் விளக்கம். நான்கு மாதங்களுக்கு மேல் அடைபட்டுக் கிடந்த பிறகு வந்த விளக்கம்! போன சம்பளத்தையும், பள்ளியில் பிள்ளைகள் கேட்ட சொல்லையும் யார் திருப்பிக் கொடுப்பது?

இதை எட்டிய விவகாரமாக நினைக்காதீர்கள். பயங்கரவாதத்துக்கு என்று சொல்லிக் கொண்டுவந்த அதே சட்டம் குண்டர் கும்பல் வழக்குகளிலும் பாய்கிறது. அதில் நம் இளைஞர்கள் பலர் சிக்கியிருக்கிறார்கள். தாய்மார்களும் மனைவிமார்களும் சுங்கை பூலோ சிறை வாசலில் பட்டினி கிடந்து போராடியதை மறக்க வேண்டாம். குற்றம் செய்தவன் தண்டிக்கப்படட்டும், அதில் நமக்கு மறுப்பே இல்லை. நாம் கேட்பது, தீர்ப்புக்கு முன்பே தண்டிக்காதே என்பதுதான்.

ஐசெர்ட்டுக்குக் கதவு மூடியது

எல்லா வித இனப் பாகுபாட்டையும் ஒழிக்கும் அனைத்துலக ஒப்பந்தத்தைத்தான் ஐசெர்ட் என்கிறார்கள். 1965இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்டது. துங்கு 1960இல் பேசியது இதே உணர்வில்தான். 2018 செப்டம்பர் 28ஆம் தேதி பிரதமர் மகாதீர் ஐ.நா. மேடையில், எஞ்சியிருக்கும் முக்கிய மனித உரிமை ஒப்பந்தங்களையும் மலேசியா ஏற்கும் என்று உறுதி சொன்னார். இரண்டே மாதத்தில், நவம்பர் 23ஆம் தேதி, ஐசெர்ட்டை ஏற்கப் போவதில்லை என்று அரசாங்கம் அறிவித்தது. அதன் பிறகும் டிசம்பர் 8ஆம் தேதி அம்னோவும் பாஸும் தலைநகரில் பெரும் பேரணி நடத்தின.

ஐசெர்ட் வந்தால் மலாய்க்காரர்களின் சிறப்பு நிலையும் இஸ்லாமும் போய்விடும் என்று பயமுறுத்தினார்கள். சட்டம் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை. பின்தங்கிய சமூகத்தைத் தூக்கிவிடும் சிறப்பு நடவடிக்கைகளைப் பாகுபாடாகக் கருதக்கூடாது என்று ஒப்பந்தத்தின் முதல் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. நோக்கம் நிறைவேறிய பிறகும் அதை நீட்டிக்கொண்டே போகாதே என்பதுதான் நிபந்தனை. பாகிஸ்தான் 1966இலும், சவூதி அரேபியா 1997இலும், இந்தோனேசியா 1999இலும் ஏற்றுக்கொண்டன. அங்கெல்லாம் இஸ்லாம் அழிந்துவிட்டதா? 2018இல் இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் 57 உறுப்பு நாடுகளில் சேராமல் இருந்தவை மலேசியாவும் புரூணையும் மட்டுமே.

ஒப்பந்தம் என்றாலே அரசாங்கத்துக்குக் கசக்கும் என்றும் சொல்ல முடியாது. பசிபிக் வட்டார வர்த்தக ஒப்பந்தமான சி.பி.டி.பி.பி.யை 2022இல் மலேசியா உறுதிப்படுத்தியது. அனைத்துலகத் தொழிலாளர் தரத்தை எட்ட வேண்டிய கட்டாயத்தில் சட்டங்களும் திருத்தப்பட்டன. 2023 ஜனவரி முதல் பிரசவ விடுமுறை 98 நாள் ஆனதும், வாரத்துக்கு 45 மணி நேர வேலை என்று வந்ததும் அந்தக் காலத்துத் திருத்தங்கள்தான். 2020இல் அமெரிக்கச் சுங்கத்துறை டோப் குளோவ் கையுறைகளைத் தடுத்தபோது, அந்நியத் தொழிலாளர்கள் வேலைக்காக ஏஜெண்டுகளிடம் கட்டிய பணத்தை நிறுவனம் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஆண்டாண்டாகக் கெஞ்சியும் நடக்காததை ஒரு கப்பல் சரக்கு நின்றதும் நடத்திக் காட்டினார்கள்.

ஆகவே அன்பர்களே, 'வெளிநாட்டுத் தலையீடு' என்பது ஒரு பூச்சாண்டி. வியாபாரம் என்றால் வெளிநாடு நல்லது. பட்டியல் என்றால் வெளிநாடு நல்லது. சிறுபான்மை மக்களின் உரிமை என்றால் மட்டும் வெளிநாடு கெட்டதா?

மேல்நாட்டானை நம்பலாமா?

நியாயமான கேள்வி. நம்மைக் கூலியாகக் கொண்டு வந்தவனே அவன்தான். காஸாவில் அவன் எப்படி நடந்துகொண்டான் என்பதையும் பார்த்தோம். லண்டனோ வாஷிங்டனோ நம்மை மீட்க வரும் என்று நான் சொல்லவில்லை. அனைத்துலகச் சட்டம் யாருடைய தாராள மனசும் அல்ல, அது ஒரு கருவி. மண்வெட்டியை யார் செய்தான் என்று பார்த்துக்கொண்டிருந்தால் வாய்க்கால் வெட்ட முடியாது. நம் அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு குடிமக்களுக்குச் சமத்துவம் தருகிறது. 5ஆவது பிரிவு கைதானவனுக்கு வழக்கறிஞரை நாடும் உரிமை தருகிறது. அவைதான் நம் அஸ்திவாரம். ஐசெர்ட் அதற்கு ஒரு முட்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது மலாய்க்காரர்களுக்கு எதிரான கோரிக்கை அல்ல. ஏழை மலாய் மீனவனுக்கும், நிலம் பறிபோகும் ஓராங் அஸ்லி மக்களுக்கும் இதே பாதுகாப்புதான். அவர்கள் மொழியில் அவர்களிடம் இதைப் பேச வேண்டியது நம் கடமை. பேசாமல் விட்ட இடத்தைத்தான் 2018இல் மற்றவர்கள் பயத்தால் நிரப்பினார்கள்.

நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, சொஸ்மாவின் 28 நாள் காவல் அதிகாரத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறை நாடாளுமன்றம் நீட்டிக்க வேண்டும். 2022 மார்ச்சில் அந்தத் தீர்மானம் 84க்கு 86 என்று தோற்றது. இரண்டே வாக்கு! ஜூலையில் மறுபடி கொண்டு வந்து நிறைவேற்றினார்கள். அந்தக் கணக்குப்படி அடுத்த தவணை 2027 ஜூலை. உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கு மருத்துவ உதவிக்கும் பள்ளி உதவிக்கும் போகிறீர்கள் அல்லவா? அப்படியே, "சொஸ்மாவுக்கு எப்படி வாக்களிப்பீர்கள்?" என்று எழுத்தில் கேளுங்கள். எந்தக் கட்சியானாலும் கேளுங்கள். எதிர்க்கட்சியில் இருக்கும்போது கொடுங்கோல் சட்டம் என்பதும், ஆட்சிக்கு வந்தால் தேவையான சட்டம் என்பதும் நமக்குப் பழகிப்போன நாடகம்.

இரண்டாவது, வீட்டில் ஒருவர் கைதானால் எந்தச் சட்டத்தில், எந்த நிலையத்தில், எத்தனை மணிக்கு என்று உடனே கேட்டு எழுதி வையுங்கள். குடும்பத்துக்குத் தகவல் சொல்லச் சொஸ்மாவிலேயே கடமை இருக்கிறது. வழக்கறிஞருக்குப் பணமில்லை என்றால் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை நாடுங்கள்.

மூன்றாவது, பாகுபாட்டை ஆவணமாக்குங்கள். வேலை மறுக்கப்பட்டதா, பிறப்புப் பத்திரமோ நீல அடையாள அட்டையோ இழுத்தடிக்கப்படுகிறதா? தேதியும் கடிதமும் பத்திரமாக இருக்கட்டும். ஐ.நா. மன்றத்தில் மலேசியாவின் மனித உரிமை நிலை 2009, 2013, 2018, 2024 என நான்கு முறை பரிசீலிக்கப்பட்டது. அங்கே அரசாங்கம் மட்டும் பேசுவதில்லை. பொது இயக்கங்களும் அறிக்கை கொடுக்கலாம். அந்த அறிக்கைக்கு எங்களுக்கு வேண்டியது வீர வசனம் அல்ல, உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் காகிதம்.

துங்கு ஆப்பிரிக்கர்களுக்காக லண்டனில் பேசியபோது அது மலாயாவுக்குப் பெருமை. மலேசியத் தமிழன் தன் பிள்ளைக்காக ஜெனீவாவில் பேசினால் அது மட்டும் எப்படித் துரோகமாகும்? அடுத்த முறை உங்கள் தொகுதி மக்கள் பிரதிநிதி ஓட்டுக் கேட்டு வரும்போது, இந்தக் கேள்வியை அவரிடம் கேளுங்கள்.