தேங்கிய நீரின் பெலன்



"ஐயா, ரெண்டு நாள் போகாட்டா ரெண்டு நாள் கூலி போயிருமே!" கடந்த அக்டோபரில் சபைக் குடும்பங்களைப் பண்டார்தராவுக்கு அழைத்தபோது, தாராவிச் சகோதரி ஒருவர் இவ்விதம் தயங்கினார். விடியுமுன் இட்லி அவித்து, விற்பதற்குக் கணவர் கையில் கொடுத்துவிட்டு, மாட்டுங்காவில் இரண்டு வீடுகளில் வேலை செய்கிறவர் அவர். மற்றச் சகோதரிகள் வற்புறுத்தியதால் புறப்பட்டு வந்தார்.

தாதரில் இரயிலேறி, கசாரா மலைப்பாதையைக் கடந்து இகத்புரியில் இறங்கினோம். அங்கிருந்து கோட்டி வழியாகச் சாலைப் பயணம். பிரவரா நதியின் குறுக்கே கட்டப்பட்டு 1926இல் திறக்கப்பட்ட வில்சன் அணையும், அதன் பின்னே விரிந்த ஆர்தர் ஏரியும் எங்களை வரவேற்றன. மகாராஷ்டிராவிலேயே உயர்ந்ததான கல்சுபாய் சிகரம் (1,646 மீட்டர்) அருகில்தான் நிற்கிறது. நகரத்தின் இரைச்சல் அங்கே எட்டுவதில்லை.

அணையின் அடிவாரத்தில் 12 மெகாவாட் திறனுள்ள நீர்மின் நிலையம் ஒன்று உண்டு. நமது நாட்டில் 25 மெகாவாட் வரையுள்ளவற்றைச் சிறு நீர்மின் நிலையங்கள் என்பார்கள். சிறியதுதான், ஆயினும் முழுத்திறனோடு ஒரு மணி நேரம் ஓடினால் 12,000 யூனிட் கிடைக்கும். மாதம் 100 யூனிட் செலவழிக்கும் 120 குடும்பங்களுக்கு அது ஒரு மாதத்துக்குப் போதுமானது.

இதன் இரகசியம் என்ன? உயரத்திலிருந்து விழும் நீர் சக்கரத்தைச் சுழற்றுகிறது. சக்கரம் மின்சாரத்தைப் பிறப்பிக்கிறது. நீர் குறைவதில்லை, தன் உயரத்தை மட்டுமே இழந்து, பின்பு வயல்களுக்குப் பாய்கிறது. அந்த உயரமோ, ஓடிய நீர் தடுத்து நிறுத்தப்பட்டதால் உண்டானது. நான்கு மாத மழையைச் சேர்த்து வைப்பதால்தான் கோடையிலும் கொடுக்க முடிகிறது. பாபநாசத்தில் 1944 முதல் இயங்கும் மின்நிலையத்தைப் பார்த்து வளர்ந்த நெல்லைச் சீமையார் இதனை நன்கு அறிவார்கள்.

மாலையில் அந்தச் சகோதரி ஏரிக்கரையில் வெகுநேரம் தனியே அமர்ந்திருந்தார். அருகே சென்றபோது, "சும்மா உக்காந்து எத்தனை வருஷமாச்சு ஐயா!" என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. எனக்கு வெட்கமாயிருந்தது. அவருடைய உழைப்பைப் பலமுறை மேடையில் பாராட்டியிருக்கிறேன்; அவருடைய இளைப்பாறுதலைக் குறித்து ஒருமுறையும் விசாரித்ததில்லை.

பிரியமானவர்களே, அவருடைய இரண்டு நாள் கூலி போனது உண்மை. பிழைக்க வந்த நகரத்தில் ஓய்வு இலவசமாகக் கிடைப்பதில்லை. ஆனால் நிற்காமல் ஓடுகிற சரீரம் ஒருநாள் படுக்கையில் நிற்கும். அப்போது போகும் கூலி இரண்டு நாளோடு முடியாது. ஓய்வுநாளை ஏற்படுத்தின தேவன் நம் சரீரத்தின் அளவை அறிந்தவரல்லவா?

எல்லோரும் பண்டார்தராவுக்குப் போக இயலாது. ஆகையால் ஒன்று கேட்கிறேன். சகோதரரே, வாரத்தில் ஒரு விடியற்காலையாவது இட்லிப் பானையை நீங்கள் அடுப்பில் ஏற்றுங்கள். தம்பி, தங்கைமாரே, அன்று தண்ணீர் பிடிப்பது உங்கள் வேலையாயிருக்கட்டும். அம்மா சற்று உறங்கட்டும்.

நம் வீடுகளில் விளக்கெரியச் செய்கிறவர்களின் நீர்மட்டத்தை இன்றைக்கே பார்ப்போமாக.