கேட்க வருகிறார்கள், சொல்லுங்கள்



2022 ஜனவரி 12 அன்று தமிழகத்தில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அவற்றில் ஒன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போலுப்பள்ளியில் அமைந்தது. ஆண்டுக்கு 150 இடங்கள். பல மாவட்டங்களிலிருந்தும் வந்து படிக்கும் அந்தப் பிள்ளைகளில், இரண்டாம் ஆண்டில் இருப்பவர்களைப் பற்றி இந்த மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலாண்டில் அவர்கள் படிப்பது நலமான உடலை. எலும்பு, நரம்பு, ரத்த ஓட்டம் என எல்லாவற்றையும் உடற்கூறு அறையில் பேசாத உடல்களிடம் கற்கிறார்கள். இரண்டாம் ஆண்டில்தான் நோய் பாடமாக வருகிறது. பேத்தோ, பார்மா, மைக்ரோ என்று அவர்கள் சுருக்கிச் சொல்லும் மூன்று பெரிய பாடங்கள்: நோய் உடலுக்குள் என்ன செய்கிறது, மருந்து எப்படி வேலை செய்கிறது, கிருமி எங்கிருந்து வருகிறது. இவற்றோடு வார்டும் தொடங்குகிறது. கழுத்தில் புது ஸ்டெதஸ்கோப், கையில் நோட்டு. ஆனால் படுக்கையருகே நின்றதும் முதல் கேள்வி தொண்டையிலேயே நின்றுவிடும். அம்மா வயதில் ஒருவர் வலியில் படுத்திருக்கிறார், எப்படி ஆரம்பிப்பது?

'ஹிஸ்டரி எடுப்பது' என்பது அவர்கள் வார்டில் முதலில் பழகும் வித்தை. பெயர், வயது, ஊர், தொழில். பிறகு என்ன தொந்தரவு, எத்தனை நாளாக என்பதை நோயாளியின் சொல்லிலேயே எழுத வேண்டும். இதில் அவசரத்தில் விட்டுப்போகக்கூடியது தொழில். 1700இல் இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ராமஸ்ஸினி, தொழிலாளர்களின் நோய்களைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, என்ன வேலை செய்கிறார் என்பதையும் கேட்க வேண்டும் என்று அதில் வலியுறுத்தினார்.

அந்தக் கேள்விக்கு நம் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் எத்தனை பதில்கள்! இருமலோடு வந்தவர் கிரானைட் பட்டறையில் கல் அறுத்தவர் என்றால், கல்தூசி நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸையும் நினைக்க வேண்டும். அது காசநோய் வரும் வாய்ப்பையும் கூட்டும். வியர்த்து விறுவிறுத்து, எச்சில் ஒழுக, தலைசுற்றி வந்தவர் ரோஜாத் தோட்டத்தில் மருந்தடித்தவரா என்று கேட்டாக வேண்டும். சிப்காட் தொழிற்பேட்டையில் நைட் ஷிப்ட் பார்க்கும் சர்க்கரை நோயாளிக்கு, 'காலை, இரவு சாப்பாட்டுக்கு முன்' என்ற சீட்டு எப்படிப் பொருந்தும்? பல்லில் பழுப்புக் கோடுகளோடு வரும் சிறுவனிடம், எந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தாய் என்று கேட்க வேண்டும். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த மாவட்டம் நம்முடையது; 2013இல் தருமபுரிக்கும் நமக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததே அதனால்தான்.

இன்னொரு சோதனை மொழி. தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்தவர் பலர் கன்னடத்திலோ தெலுங்கிலோதான் மனம்விட்டுப் பேசுவார்கள். தொழிற்சாலைக்கு வந்த வடமாநிலத்தவருக்கு இந்தி. தென்கோடியிலிருந்து வந்த மாணவிக்குப் பக்கத்துப் படுக்கைப் பாட்டிதான் மொழித்துணை. 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் சேரும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் பலர் தமிழ் வழியில் படித்தவர்கள். தடித்த ஆங்கிலப் புத்தகங்கள் அவர்களை மலைக்க வைக்கும். ஆனால், "அடிவயித்துல சுருக்குன்னு பிடிக்குது சாமி, அப்புறம் விட்டுடுது" என்று ஓர் அம்மா சொன்னால், அந்த வலியின் போக்கு அவர்களுக்கு உடனே பிடிபடும்.

வாசகர்களிடம் நான் கேட்பது இதுதான். உங்கள் படுக்கையருகே ஒரு மாணவர் வந்து நின்றால், முடிந்தவரை பேசுங்கள். அவர் மருந்து எழுத வரவில்லை. சிகிச்சையை முடிவு செய்பவர்கள் மூத்த மருத்துவர்கள். விருப்பமில்லை என்றால் மறுப்பது உங்கள் உரிமை. பெண்கள், ஒரு நர்ஸ் உடனிருக்கட்டும் என்று தயங்காமல் சொல்லலாம். பேச ஒப்புக்கொண்டால் மறைக்காமல் சொல்லுங்கள்: செய்யும் வேலை, குடிக்கும் தண்ணீர், பாதியில் நிறுத்திய மாத்திரை, நிறுத்தியதற்கான காரணம். ரவுண்ட்ஸ் வரும் பெரிய டாக்டருக்கு ஒவ்வொரு படுக்கையிலும் சில நிமிடங்களே கிடைக்கும். உட்கார்ந்து கேட்க நேரமுள்ளவர் இந்த மாணவர்தான்.

வீடு தேடி வந்து சிகிச்சை தரும் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில். இன்று மருத்துவ மாணவர்களும் கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்தெடுத்து, படிப்புக் காலத்தில் அவர்களின் உடல்நலத்தைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்பது பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. உங்கள் வாசலுக்கு வந்தால் உட்காரச் சொல்லுங்கள்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. முதலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். அனுமதி கேட்டுத் தொடுங்கள். கிளம்பும்போது நன்றி சொல்லுங்கள். நாக்குழறினால் கலங்க வேண்டாம்; கேட்கக் கேட்கத்தான் கேள்வி பழகும்.

நாளை நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் உட்காரப் போகிறவர்கள் இந்தப் பிள்ளைகள்தான். கல்தூசியும் பூச்சிமருந்தும் இரவு ஷிப்டும் உடலை என்ன செய்யும் என்பதை, அவற்றோடு வாழ்கிறவர்களே அவர்களுக்கு விளக்கமாகச் சொல்ல முடியும். அந்தப் பாடத்தை மனமுவந்து சொல்லிக்கொடுப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்