இரண்டு நிமிடச் சான்றிதழ்

"பராமரிப்பு சரியில்லை." இந்த இரண்டே சொற்களை வைத்துக்கொண்டு ஒரு வால்வு கம்பெனியின் டிசைன் பிரிவில் பதினோரு வருடம் காலம் தள்ளியிருக்கிறேன். கோயம்புத்தூரில்தான். வாடிக்கையாளர் போன் செய்வார், வால்வு திறக்கவில்லை என்பார். நாங்கள் ஓர் ஆளை அனுப்புவோம். அவர் திரும்பி வந்து அறிக்கை எழுதுவார். அந்த அறிக்கையின் கடைசிப் பத்தி, அவர் ரயில் ஏறுவதற்கு முன்பே எங்கள் எல்லோருக்கும் தெரியும். கிரீஸ் வைக்கவில்லை, காற்றில் ஈரம், மாதம் ஒருமுறை ஆட்டிப் பார்க்கவில்லை, ஆகவே பராமரிப்பு சரியில்லை. டிசைன் சரியில்லை என்று முடிந்த ஓர் அறிக்கையைக்கூட நான் படித்ததில்லை. எழுதியதும் இல்லை.

இலக்கியப் பத்திரிகையில் வால்வுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். ஃபேன் சுற்றுகிறது, போனில் சார்ஜ் இருக்கிறது, அதனால்தானே படிக்கிறீர்கள். அதற்குப் பின்னால் எங்கோ ஒரு தட்டு சரியான நேரத்தில் கால் சுற்று திரும்பியிருக்கிறது. அந்தத் தட்டைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

பட்டர்ஃபிளை வால்வு என்பது ரொம்ப எளிய சாதனம். குழாய்க்கு நடுவில் ஒரு வட்ட டிஸ்க், அதன் முதுகில் ஒரு ஷாஃப்ட். ஷாஃப்ட்டைக் கால் சுற்று திருப்பினால் டிஸ்க் காற்றின் போக்கோடு திரும்பி வழிவிடும். மறுபடி கால் சுற்று, அடைத்துக்கொள்ளும். பழைய அம்பாசிடர் காரின் கார்புரேட்டருக்குள் இருந்ததும் இதே பட்டாம்பூச்சிதான். தண்ணீருக்கு என்றால் ரப்பர் சீட் போட்டு முடித்துவிடலாம். சூடான காற்றுக்கு ரப்பர் ஆகாது, உலோகத்தோடு உலோகம் உட்கார வேண்டும். அதற்காக வந்ததுதான் ட்ரிபிள் ஆஃப்செட். ஷாஃப்ட்டை மையத்திலிருந்து இரண்டு பக்கம் நகர்த்தி, சீட்டின் கூம்பையும் சாய்த்துவிடுவார்கள். கேரட்டைச் சாய்வாக நறுக்கினால் நீள்வட்டமாக ஒரு முகம் வருமே, டிஸ்கின் ஓரம் அப்படித்தான் இருக்கும். கடைசி நொடிவரை டிஸ்க் எதிலும் உரசாது, உட்காரும்போது மட்டும் தொடும். அழகான வடிவம், அதைக் குறை சொல்ல மாட்டேன். என் சண்டை அதை வைத்து நாங்கள் செய்வதோடு.

கேஸ் டர்பைனில் இந்த வால்வு பல இடங்களில் வரும். மிக ஆபத்தானது கம்ப்ரசரின் ப்ளீட் வால்வு. ஜிஇ கம்பெனியின் ஃபிரேம் 9ஈ இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றை அமுக்க 17 படிகள், முழு வேகம் நிமிடத்துக்கு 3000 சுற்று. அந்த வேகத்தில் முன்படிகளும் பின்படிகளும் ஒத்துப்போகும். கிளம்பும்போதும் நிற்கும்போதும் ஒத்துப்போகாது. முன்னால் இருப்பவர்கள் தள்ளுகிறார்கள், பின்னால் வழி போதவில்லை. தேர்த்திருவிழா நெரிசலில் நடுவில் ஒரு பக்கவாட்டுக் கதவைத் திறந்துவிட வேண்டியிருக்குமே, அதுதான் இங்கே 11-ஆவது படியிலிருந்து காற்றை வெளியே விடும் ப்ளீட் வால்வு. திறக்காவிட்டால் சர்ஜ். காற்று முன்னும் பின்னுமாக அறைந்துகொள்ளும், பீரங்கிச் சத்தம் கேட்கும், பிளேடுகள் ஒடியலாம்.

ஒரு நுணுக்கம். இந்த வால்வை மூட காற்றழுத்தம், திறக்க ஸ்பிரிங். காற்று போய்விட்டாலும் திறந்துகொள்ள வேண்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள், நல்ல யோசனைதான். ஆனால் டிஸ்க் சிக்கிக்கொண்டால் ஸ்பிரிங்குக்குக் கூடுதலாக மூச்சுப் பிடிக்கத் தெரியாது. இருக்கிற பலம்தான்.

எங்கள் வால்வு ஒன்று வேறு மாநிலத்தில், கடலோரத்து மின் நிலையம் ஒன்றுக்குப் போனது. ஒரிஜினலின் விலை கட்டவில்லை என்று மாற்றாக வாங்கினார்கள். பல மாதம் கழித்து ஒருநாள் இயந்திரம் நின்று, மறுபடி கிளப்பினார்கள். கட்டுப்பாட்டு அறைத் திரையில் நான்கு வால்வும் 'ஓப்பன்'. மூன்றுதான் திறந்திருந்தன. வேகம் ஏறும் பாதியில் சர்ஜ். யாருக்கும் அடி இல்லை. இயந்திரம் வாரக்கணக்கில் படுத்தது. அன்று பணியில் இருந்த ஷிஃப்ட் இன்ஜினியருக்கு மெமோ கொடுத்தார்கள். அவருக்கு என் வயதுதான் இருக்கும்.

கழற்றிப் பார்க்க என்னை அனுப்பினார்கள். ஷாஃப்ட் திரும்பியிருந்தது. டிஸ்க் அசையவே இல்லை, சீட்டுக்குள் ஆப்பு மாதிரி இறுகிக் கிடந்தது. இரண்டையும் கோக்கும் டேப்பர் பின் வெட்டுப்பட்டிருந்தது. லிமிட் சுவிட்ச் ஷாஃப்ட்டின் மேல்முனையைத்தான் பார்க்கிறது, ஆகவே 'ஓப்பன்' என்று சத்தியம் பண்ணியது. அங்கே ஒப்பந்த வேலையில் இருந்த ஃபிட்டர் அண்ணன் திருச்சிப் பக்கத்துக்காரர். சுத்தியலால் டிஸ்கைத் தட்டித் தட்டி விடுவித்துவிட்டு என்னைப் பார்த்தார். "தம்பி, இது நாலு அடி வச்சாத்தான் தொறக்கும்னா, கம்பெனிலேர்ந்து சுத்தியலையும் சேத்தே அனுப்பியிருக்கலாம்ல?"

நான் திரும்பி வந்து எழுதிய அறிக்கை: பராமரிப்பு சரியில்லை.

அந்த வால்வின் சோதனைச் சான்றிதழ் என் ஃபைலில் இருந்தது. ஏபிஐ 598 விதிப்படி, 8 முதல் 12 அங்குல வால்வுக்கு சீட் சோதனை குறைந்தது 120 விநாடி. சாதாரண வெப்பநிலையில், பளபளவென்ற புது வால்வில். ஒரு சொட்டு ஒழுகவில்லை, பாஸ். விதி பொய் சொல்லவில்லை, தான் எதைச் சோதிக்கிறதோ அதை நேர்மையாகச் சோதிக்கிறது: இன்றைக்கு, குளிர்ந்த நிலையில், மூடினால் ஒழுகுமா? ப்ளீட் வால்விடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. பல மாதம் சூட்டில் மூடிக்கிடந்த பிறகு திறக்குமா? இதற்கு எந்தச் சான்றிதழும் எங்களிடம் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

கணக்குப் பார்ப்போம், எளிய கணக்குதான். டிஸ்க் 316 ஸ்டெயின்லெஸ், பாடி கார்பன் ஸ்டீல். ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு டிகிரி ஏறினால் முன்னது பத்து லட்சத்தில் சுமார் 17 பங்கு விரியும், பின்னது சுமார் 12. டிஸ்கின் விட்டம் 250 மில்லிமீட்டர், வெப்பம் 200 டிகிரி ஏறுகிறது என்று வையுங்கள். பாடியைவிட டிஸ்க் கால் மில்லிமீட்டர் அதிகம் வளர்ந்திருக்கும். பட்டறையில் நாங்கள் சீட்டைப் பொருத்துவது மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு என்ற துல்லியத்தில். அங்கே கால் மில்லிமீட்டர் என்பது யானை. போதாததற்கு, டிஸ்கின் மேல் சூடான காற்று நேராக அடிக்கிறது, பாடியின் முதுகு வெளிக்காற்றில் குளிர்ந்துகொண்டே இருக்கிறது. வித்தியாசம் இன்னும் கூடும்.

இதோடு கூம்பின் கோணத்தையும் சேருங்கள். லேத் பட்டறைக்குப் போனவர்களுக்கு மோர்ஸ் டேப்பர் தெரியும். கோணம் சின்னது, அழுத்திச் செருகினால் தானே பிடித்துக்கொள்ளும், தட்டினால்தான் வரும். வால்வு சீட்டின் கோணத்தைக் குறைத்தால் அடைப்பு இறுக்கமாகும், 'ஜீரோ லீக்கேஜ்' என்று கேட்டலாகில் தடித்த எழுத்தில் போட்டுக்கொள்ளலாம். அதே அளவுக்கு டிஸ்க் மோர்ஸ் டேப்பராகவும் மாறும். எங்கள் விற்பனைப் பிரிவுக்கு ஜீரோ என்ற சொல்லின் மேல் ஒரு மோகம். எரிவாயு வரும் குழாயில் ஜீரோ வேண்டும், கட்டாயம் வேண்டும், மறுக்கவே இல்லை. ப்ளீட் வால்வில் எதற்கு? கொஞ்சம் கசிந்தால் அமுக்கிய காற்று கொஞ்சம் வீணாகும், மின்சாரம் அந்த அளவுக்குக் குறையும். திறக்காவிட்டால் கம்ப்ரசரே போகும். கசியாத வால்வு நல்ல வால்வு என்பதைப் பொதுவிதியாக மனப்பாடம் செய்தவன், இந்த இடத்தில் இது எதைச் செய்யத் தவறவே கூடாது என்று கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

அப்புறம் அந்தப் பின். கேட்டலாக் காட்டும் டார்க், சுத்தமான புது வால்வின் டார்க். அதன்மேல் 1.25 மடங்கு வைத்து ஆக்சுவேட்டர் தேர்ந்தெடுப்பது வழக்கம். பின்னை நாங்கள் கணக்கிட்டது வால்வு ஒழுங்காகத் திறக்கும்போது தேவைப்படும் டார்க்குக்கு. டிஸ்க் சிக்கி, ஸ்பிரிங் தன் முழுப் பலத்தையும் கொட்டும்போது எது முதலில் உடைய வேண்டும் என்று யோசிக்கவே இல்லை. குழாய்வழி வால்வுகளுக்கான ஏபிஐ 6டி, ஷாஃப்ட் தொடர் முழுவதையும் வால்வு அசைந்துகொடுக்கத் தேவையான டார்க்கின் இரண்டு மடங்குக்குக் கணக்கிடச் சொல்கிறது. எங்களுடையது அந்த விதிக்குள் வராது, ஆகவே செய்ய வேண்டியதில்லை. இப்படி ஒரு வாக்கியத்தை நான் மீட்டிங்கில் சொல்லியிருக்கிறேன்.

இது எங்கள் ஊர்க் குறை மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். 1997 ஜூன் 22, டெக்சாஸின் டீர் பார்க்கில் ஷெல் நிறுவனத்தின் ரசாயன ஆலை. உயர் அழுத்தக் குழாயில் இருந்த செக் வால்வு ஒன்றில் டிஸ்கையும் ஷாஃப்ட்டையும் கோத்த பின் முறிந்தது, சாவி விழுந்தது. உள்ளிருந்த அழுத்தம் ஷாஃப்ட்டை வெளியே துப்பியது, வாயு பாய்ந்து வெடித்தது. உயிர்ச்சேதம் இல்லாமல் போனது. செப்டம்பரிலேயே அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை எச்சரிக்கை வெளியிட்டது, அதன் தலைப்பிலேயே பட்டர்ஃபிளை வால்வும் இருக்கிறது. இதே மாதிரி சம்பவங்கள் முன்பும் நடந்திருந்தன, யாரும் பாடம் கற்கவில்லை என்று விசாரணை சொன்னது. முன்பு நடந்தபோது என்ன எழுதியிருப்பார்கள் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு.

"எல்1-க்குத்தானே ஆர்டர், விலையைக் குறைத்தால் தரம் எப்படி வரும்?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். டெண்டரைத் திட்டுவது சுலபம், எனக்கும் பிடித்த பொழுதுபோக்கு. ஆனால் கொள்முதல் அதிகாரி வால்வு வரைவதில்லை. பின்னுக்குப் பதில் ஸ்ப்ளைன், ஷாஃப்ட்டோடு ஒட்டிக்கொள்ளாத கடினமான புஷ், சீட் கோணத்தில் இரண்டு மூன்று டிகிரி, ப்ளீட் குழாயில் ஒரு தெர்மோகப்பிள். வால்வு நிஜமாகத் திறந்தால் குழாய் சூடாகும், திரை பொய் சொல்ல முடியாது. மொத்தமாகக் கூட்டினால் வரும் விலை, ஒருநாள் இயந்திரம் நிற்பதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. விலைப்புள்ளியில் 'சூடான நிலையில், நெடுநாள் மூடிவைத்த பின் திறக்கும் சோதனை' என்று ஒரு வரி நாங்களே எழுதிக் கொடுத்திருந்தால் அடுத்த டெண்டரில் அது நிபந்தனையாகியிருக்கும். எழுதினால் நாங்களும் அல்லவா பாஸாக வேண்டும்?

இப்போது நிலைமை இன்னும் மோசம். 2024-இல் இந்தியாவில் சுமார் 25,000 மெகாவாட் எரிவாயு மின் நிலையங்கள் இருந்தன. கிருஷ்ணா-கோதாவரிப் படுகை வாயு எதிர்பார்த்தபடி வராததால் பல வருடக்கணக்கில் சும்மா நிற்கின்றன. ஓடுபவையும், பகலில் சூரியசக்தி இருப்பதால், சாயங்காலம் மட்டும் ஓடட்டும் என்கிறார்கள். நிறுத்து, கிளப்பு, நிறுத்து. வருடம் முழுக்க ஓடும் இயந்திரத்துக்கு வரைந்த வால்வுகள், தினமும் சூடாகிக் குளிர்கின்றன, அல்லது மாதக்கணக்கில் உப்புக்காற்றில் மூடிக்கிடக்கின்றன. வால்வுக்கு ஓட்டத்தைவிட நிறுத்தம்தான் சோதனை. எங்கள் டேட்டா ஷீட்டில் அழுத்தம், வெப்பம், ஓட்டம் எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. எத்தனை நாள் அசையாமல் நிற்கும் என்பதற்குக் கட்டம் இல்லை.

வேலையை விட்டு இரண்டு வருடமாகிறது. போன மாதம் பழைய சகா ஒருவரிடம் கேட்டேன், அந்த வால்வு இன்னும் போகிறதா என்று. "போய்ட்டுத்தான் இருக்குதுங்க," என்றார். "ட்ராயிங் மாத்தவே இல்ல. ரிவிஷன் ஜீரோ." டேப்பர் பின் அதே அளவு. 'வரைந்தவர்' கட்டத்தில் என் இன்ஷியல்.